அறுநூற்றுப் பன்னிரண்டு தவறான சொற்கள்

மஹ்ஜபீன் மனப்பாடம் செய்து வைத்திருந்த உக்ரைன் மொழிப் பெயர்ச்சொற்கள் மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது. அவற்றில் அறுநூற்றுப் பன்னிரண்டு வேறொரு மொழியைச் சேர்ந்தவை. 2025 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை பிற்பகல் வரை அவளுக்கு இது தெரியாது.

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு சிறிய மாடி வீடு. அவளுடைய அத்தா அப்துல் சுக்கூர் தோல் பதனிடும் ஷாப்பில் தோல்களைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர். அம்மா சைதூன். இவள் ஒரே மகள், வயது இருபத்து நான்கு. 2019இல் உக்ரைனின் கிழக்கு நகரம் ஒன்றில் மருத்துவம் சேர்ந்தாள். மூன்றாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தபோது, 2022 பிப்ரவரியில், போர் வந்தது. விடுதியின் நிலவறையில் ஆறு நாள், ரயிலில் நின்றபடியே ஒரு பகலும் ஓர் இரவும், போலந்து எல்லையில் பனியில் வரிசை, பிறகு விமானம். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவளிடம் ஒரு தோள்பையும் ஒரு ஸ்டெதாஸ்கோப்பும் இருந்தன.

அதற்குப் பிறகு மூன்றரை ஆண்டுகள், அவளைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய யாரும் முடிவெடுக்கவில்லை. நான்காம் ஆண்டைக் கணினித் திரையில் படித்தாள். நோயாளியைத் தொடாமல் படித்தது செல்லாது என்றார்கள். இங்கேயே ஒரு கல்லூரியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மனுக் கொடுத்தாள். விதியில் இடமில்லை என்றார்கள். கூடப் படித்தவர்களில் ஒருத்தி கல்யாணமாகி மேலூர் போனாள், ஒருவன் மருந்துக் கம்பெனியில் பை தூக்குகிறான். கடைசியில் உக்ரைனின் மேற்கே, போலந்துப் பக்கம் இருக்கிற ஒரு பல்கலைக்கழகம் பதில் போட்டது. வாருங்கள், நான்காம் ஆண்டிலிருந்து வார்டில் நின்று படிக்கலாம். ஆனால் எங்கள் நோயாளிகளிடம் எங்கள் மொழியில் பேசத் தெரிந்திருக்க வேண்டும். வீடியோவில் ஒரு வாய்மொழித் தேர்வு. இரண்டு வாய்ப்பு. இரண்டும் போனால் இடம் போயிற்று. இடம் போனால், படித்த ஆண்டுகளும் அதோடு போயின.

கிழக்கே மூன்று ஆண்டு இருந்தவளுக்கு மொழி தெரியாதா என்று கேட்கத் தோன்றும். தெரியாது. பாடம் ஆங்கிலத்தில். சாப்பாடு தமிழ் மெஸ்ஸில். கடையில் விரலை நீட்டினால் ரொட்டி வந்தது. வாரம் ஒரு முறை நடந்த மொழி வகுப்பில் நாற்பது பேர், அதில் முப்பது பேர் தூங்கினார்கள். ஊரில் ஆளைப் பிடித்து அனுப்பிய ஏஜென்ட் ஜோதிமணி, "முழுக்க இங்கிலீஷ் மீடியமுங்க, அந்த ஊரு மொழி நமக்கு எதுக்குங்க?" என்று அப்துல் சுக்கூரிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வயிற்றுவலிக்காரர் வலியை இங்கிலீஷ் மீடியத்தில் சொல்ல மாட்டார் என்பதை அவர் சொல்லவில்லை.

ஜோதிமணி ஒட்டன்சத்திரத்துக்காரர். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஆபீஸ். யாரையும் ஒருமையில் பேச மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். 2022 பிப்ரவரி இருபதாம் தேதி போன் செய்த பெற்றோர்களிடம், "ஒண்ணும் ஆகாதுங்க, டிவிக்காரங்க ஊதறாங்க" என்று சொன்னதும் அதே மெல்லிய குரலில்தான். இருபத்து நான்காம் தேதி அவருடைய போன் அணைந்திருந்தது. பதினொரு நாள் கழித்துத்தான் உயிர் வந்தது.

இருந்தாலும் மஹ்ஜபீன் அவரிடம்தான் மறுபடி போக வேண்டியிருந்தது. பள்ளிச் சான்றிதழ்கள், மூன்றாண்டு மதிப்பெண் பட்டியல் எல்லாம், அவர் வழக்கப்படி, "பத்திரமா" அவருடைய பீரோவில் இருந்தன. மொழித் தேர்வு என்றதும் அவர் மேசைக்கு அடியிலிருந்து ஸ்பைரல் போட்ட ஒரு ஜெராக்ஸ் நோட்டை எடுத்து நீட்டினார்.

"இதைப் படிச்சுட்டுப் போனவங்க எல்லாம் டாக்டராயிட்டாங்க அம்மிணி. நீங்களும் ஆயிருவீங்க."

சீனியர் நோட்டு. வெளிநாடு போய்ப் படிக்கிற நம் பிள்ளைகளிடையே கைமாறிக் கைமாறி வருகிற ஒன்று. எந்த சீனியர், எந்த வருஷம் என்று கேட்பது வழக்கமில்லை. பலன் கொடுத்ததால்தான் கைக்கு வந்திருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. மேலே ஜோதிமணியின் கலர் படத்தோடு அட்டை, 'உக்ரைன் லாங்குவேஜ்' என்று தலைப்பு. உள்ளே எல்லாச் சொல்லும் யாரோ கையால் எழுதியவை, தமிழ் எழுத்தில். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம்: அவன், அவள், அது.

அந்த மூன்று கட்டம்தான் மஹ்ஜபீனின் முதல் கோபம். தமிழில் ஆண், பெண் என்பதெல்லாம் மனிதருக்கு. நாற்காலியும் நாய்க்குட்டியும் ஈரலும் 'அது'. யோசிக்கவே வேண்டியதில்லை. அந்த ஊரில் கரண்டி பெண், கத்தி ஆண், கண்ணாடி இரண்டும் இல்லை. பெயர்ச்சொல்லோடு நிற்காமல் முன்னால் வருகிற 'நல்ல', 'பெரிய', 'என்னுடைய' எல்லாம் அதற்கேற்ப வாலை மாற்றிக்கொள்ளும். பின்னால் இறந்தகால வினையும் மாற்றிக்கொள்ளும். யார் உட்கார்ந்து முடிவு பண்ணினார்கள் கரண்டி பெண் என்று? யாரைக் கேட்டு?

மெய்யில் முடிந்தால் ஆண், 'ஆ'வில் முடிந்தால் பெண், 'ஓ'வில் முடிந்தால் அது, என்று நோட்டு சொன்னது. விதி எளிதுதான். தமிழ் நாக்குதான் மெய்யில் முடிக்க மறுத்தது. பஸ்ஸு, பல்பு, சோப்பு என்று பழகிய வாய் எல்லா ஆண் சொல்லுக்கும் பின்னால் ஓர் உகரத்தை ஒட்டிக்கொண்டது. தன் குரலைப் பதிவு செய்து கேட்டபோது, எந்தக் கட்டத்திலும் சேராத ஒரு நான்காம் இனத்தையே அவள் உண்டாக்கி வைத்திருப்பது தெரிந்தது.

வீட்டுச் சாமான்களில் வண்ணக் காகிதம் வெட்டி ஒட்டினாள். ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு, அதுவுக்கு வெள்ளை. சைதூன் அடுப்படிக்குள் வந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டாள்.

"ஏ புள்ள, இது என்னாடி? கரண்டியில எதுக்குச் செவப்பு?"

"அது பொம்பளைம்மா."

"தட்டு?"

"பொம்பளை."

"சட்டி?"

"அதுவும்."

"கத்தி மட்டும் ஆம்பளையாக்கும். அந்த ஊர்லயும் கரண்டி, தட்டு, சட்டி பூராத்தையும் நம்ம தலையில கட்டிட்டு வெட்டுறத மட்டும் அவிங்ய வச்சுக்கிட்டாய்ங்யளா?" சைதூன் கரண்டியிலிருந்த காகிதத்தைப் பிய்த்து எறிந்துவிட்டுக் குழம்பைக் கிண்டினாள். "குண்டு போடுற ஊருக்குத் திரும்பப் போறேங்குற. அங்கனக் கரண்டி ஆம்பளையா இருந்தா என்னா, பொம்பளையா இருந்தா என்னா."

ஆனாலும் மறுநாள் புதிதாக ஒட்டிய காகிதத்தைப் பிய்க்கவில்லை.

நான்கு மாதம். காலை ஆறிலிருந்து எட்டு, மதியம் இரண்டிலிருந்து ஐந்து. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நடந்தபடி ஆயிரத்து நூற்று நாற்பது சொல்லையும் கட்டம் கட்டமாக நெட்டுருப் போட்டாள். போனில் தேடிச் சரிபார்த்திருக்கலாமே என்று பின்னால் பலர் அவளைக் கேட்டார்கள். தமிழ் எழுத்தில் இருக்கிற அந்நியச் சொல்லை எதில் தேடுவது? மூக்குக்கு நோட்டில் இருந்த 'நோஸ்' என்பதைத் தட்டினால் ஆங்கில மூக்குதான் வந்து நிற்கும்.

அக்டோபர் 10, தேர்வு. மதியம் மூன்று மணி. திரையில் ஹாலினா என்ற ஆசிரியை. ஐம்பது வயதிருக்கும், குட்டை முடி, கழுத்தில் கம்பளித் துண்டு. பான்யி ஹாலினா என்றுதான் அழைக்க வேண்டும். நம் ஊர் 'அம்மா' மாதிரி ஒரு மரியாதை. "நான் நோயாளி. கேளுங்கள், டாக்டர்" என்று உட்கார்ந்தார்.

மஹ்ஜபீன் கேட்டாள். எங்கே வலிக்கிறது? எந்தக் கண்? மூக்கில் சளி இருக்கிறதா? வலி எப்படிப்பட்டது, குத்துகிறதா, எரிகிறதா? ஒவ்வொரு சொல்லும் அதனதன் கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. வலி என்ற சொல் பெண். அதற்கு ஏற்றபடி முன்னால் வந்த சொல்லின் வாலையும் மாற்றினாள். தான் நன்றாகச் செய்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

ஹாலினா பேனாவைக் கீழே வைத்தார். ஆங்கிலத்துக்கு மாறினார்.

"இதை எங்கே படித்தீர்கள்?"

"சீனியர் நோட்டில், மேடம்."

"கண்ணுக்கும் மூக்குக்கும் வலிக்கும் நீங்கள் சொன்னவை ரஷ்யச் சொற்கள். பாதிக்கு மேல் அப்படித்தான். எங்கள் மொழியில் வலி பெண் அல்ல, ஆண்." குறிப்புத் தாளை ஓரமாகத் தள்ளினார். "ஆண், பெண் மாறினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளை என்று சிரிப்பார்கள். என் அம்மாவே ரஷ்யன் பேசி வளர்ந்தவள்தான், அந்த மொழிமீது எனக்கு வழக்கு இல்லை. ஆனால் என் வார்டில் இருபத்தாறு கட்டில். அதில் பத்தொன்பது பேர் போர்முனையிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கட்டில் பக்கத்தில் போய் நின்று, அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று அந்த மொழியில் நீங்கள் கேட்பீர்களா?"

"மாட்டேன், மேடம்" என்றாள் மஹ்ஜபீன்.

"அடுத்த வாய்ப்பு நவம்பர் இருபத்து நான்கு" என்றார் ஹாலினா. திரை அணைந்தது.

அவள் அழவில்லை. சைதூன் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப் போகும்வரை நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் ஆறு நாள் நிலவறையில் கிடந்தது யார் போட்ட குண்டினால்? அந்தப் பக்கத்து மொழியை, இவர்கள் மொழி என்று, நான்கு மாதம் உருப்போட்டு, இவர்கள் முகத்துக்கு நேராகவே ஒப்பித்திருக்கிறாள். அறியாமல்தான். ஆனால் அவளை அறிய விடாமல் வைத்தவர் ஒருவர் இருக்கிறாரே. நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

ஜோதிமணியின் ஆபீசில் அதே நோட்டு புதிதாக ஸ்பைரல் போட்டு, ஒரு பக்க மேசையில் அடுக்கி வைத்திருந்தது. அட்டைகளில் இந்த வருஷத்துத் தேதி.

"வாங்க அம்மிணி. எப்படிங்க பண்ணீங்க?"

"இது ரஷ்யன் நோட்டு சார்."

"சரிங்க."

"உக்ரைன் லாங்குவேஜுன்னு அட்டை போட்டிருக்கீங்க."

"ஏனுங்க, இதுக்குப் போயி இப்படி வெசனப்படறீங்க? ரெண்டும் ஒண்ணுதானுங்க. நீங்க 'வாரேன்'ம்பீங்க, நாங்க 'வர்றனுங்க'ம்போம். மதுரைத் தமிழும் கோயமுத்தூர்த் தமிழும் மாதிரி. ஆளுக்குப் புரியாமயா போயிரும்?"

"மதுரைக்காரன் கோயமுத்தூர் மேல குண்டு போடலையே சார்."

ஜோதிமணி சிரித்தார். "நல்லாப் பேசறீங்க. ரெண்டாவது சான்ஸ் இருக்குதுல்லங்க. டீ சொல்லட்டுங்களா?"

"இத எழுதுனது யாரு?"

"அதெல்லாம் பழைய பிள்ளைங்க. யாருன்னு இப்ப எங்கே போயித் தேடறது."

தேடுவதற்கு ஒரு மணி நேரம்தான் ஆனது. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கையெழுத்தைப் படமெடுத்துப் போட்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பதில் வந்தது: 'அது என் கையெழுத்து. உனக்கு எப்படிக் கிடைச்சுச்சு? – அறிவுச்செல்வி.' சாணார்பட்டியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்.

மறுநாள் பஸ் பிடித்துப் போனாள். காய்ச்சல்காரர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நோட்டைப் புரட்டிய அறிவுச்செல்வியின் முகம் பக்கத்துக்குப் பக்கம் மாறியது.

"மொதப் பக்கம் எங்க?"

"மொதப் பக்கம் இதானக்கா. அவர் போட்டோ."

"ஏய், அதில்லடி." எழுந்து உள் அலமாரியைக் குடைந்தாள். பச்சை அட்டை போட்ட ஒரு இருநூறு பக்க நோட்டு வெளியே வந்தது. அசல். முதல் தாளில் பெரிய எழுத்தில் இருந்தது:

'இது ரஷ்ய மொழி. இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகள் பேசுவது இது. உக்ரைன் மொழி வேறு. சொல்லும் வேறு, ஆண் பெண்ணும் வேறு. மேற்கே படிக்கிறவர்கள் இதைத் தொட வேண்டாம். – அறிவுச்செல்வி, 2014.'

"கெழக்க நான் படிச்ச ஊர்ல அப்ப இதாண்டி ஓடுச்சு. எனக்குன்னு எழுதுனேன். ஊருக்கு வந்தப்ப அந்தாளு ஒரு நாளைக்கு வேணும்னு வாங்கிட்டுப் போயி ஜெராக்ஸ் போட்டுட்டுக் குடுத்தாரு. மொதத் தாள எடுத்துட்டுல்ல போட்டிருக்காரு."

"எதுக்குக்கா எடுக்கணும்?"

"அது இருந்தா மேற்க போற பிள்ளைக்கு வேற நோட்டு செய்யணும்ல. அதுக்கு ஆளு வேணும். ஒரு தாள எடுக்குறது ஈசி." வெளியே ஒரு குழந்தை இருமியது. அறிவுச்செல்வி குரலைத் தாழ்த்தினாள். "பதினோரு வருசம். எத்தனை பிள்ளைக கையில குடுத்திருக்கான் பாரு."

அன்று மாலை கிளினிக் மூடிய பிறகு இருவரும் உட்கார்ந்து எண்ணினார்கள். இரு மொழிக்கும் பொதுவானவை, ஒரே இனத்தில் இருப்பவை போக, தூக்கி எறிய வேண்டியவை அறுநூற்றுப் பன்னிரண்டு. கண் அங்கே, ரஷ்யனில், ஆண்; இங்கே, உக்ரைன் மொழியில், 'அது'. நுரையீரல் அங்கே 'அது', இங்கே பெண். குழந்தை அங்கே ஆண். இங்கே பெண், பிறந்தது ஆண் குழந்தையாக இருந்தாலும். கதவுக்கு மஹ்ஜபீன் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தாள். உக்ரைன் மொழியில் கதவுக்கு ஒருமையே இல்லை, எப்போதும் பன்மை. புதிதாகக் கற்பதைவிட, ஏறிப் போனதை இறக்குவது கொடுமை. மூக்கு என்று நினைத்தவுடன் பழைய சொல்தான் நாக்கின் நுனிக்கு ஓடி வந்தது.

நாற்பத்து நான்கு நாள் இருந்தது.

வழி காட்டியது பக்கத்து வீட்டு சர்புன்னிசா. அவர்கள் உருது பேசுகிற குடும்பம். மாடியில் துணி காயப்போட வந்தவள், இந்தப் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "இதுல என்ன இருக்கு? எங்க உர்தூல ரோட்டி பொம்பளை, பானி ஆம்பளை."

"எப்படி ஞாபகம் வச்சுக்கிறீங்க?"

"ஞாபகம் எங்க வச்சுக்கிறது. அச்சா பானி, அச்சீ ரோட்டி. அப்படியே வாயில வருது. தனியா ரோட்டின்னு சொன்னா எனக்கும்தான் தெரியாது."

பக்கத்துச் சுவருக்கு அப்பால் இருபத்து நான்கு வருடமாக இந்த வித்தை நடந்துகொண்டிருந்திருக்கிறது. மஹ்ஜபீன் கட்டங்களைக் கிழித்துப் போட்டாள். இனி ஒரு சொல்லைக்கூடத் தனியாக வாயில் விடுவதில்லை என்று முடிவு செய்தாள். எல்லாச் சொல்லுக்கும் முன்னால் ஒரு 'என்'. மீய் நீஸ், என் மூக்கு. மொயா ருக்கா, என் கை. மொயே ஓக்கோ, என் கண். நோயாளியும் அப்படித்தானே பேசுவார். அறிவுச்செல்வி ஞாயிறு தவிர தினமும் அரைமணி நேரம் போனில் நோயாளியாக நடித்தாள். தனக்கும் பாதி தெரியாது என்பதால் இருவரும் சேர்ந்து அகராதி பார்த்தார்கள். மூன்றாவது வாரத்தில் சைதூன் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "மொயா லோஷ்கா எங்கடி வச்ச?" கரண்டி கேட்கிறாள்.

இதற்கு நடுவில் ஒரு வேலை பாக்கி இருந்தது. சான்றிதழ்கள். இரண்டு முறை கேட்டாள். முதல் முறை, பீரோச் சாவி வீட்டில் இருக்கிறது என்றார் ஜோதிமணி. இரண்டாம் முறை, "எல்லாம் நம்ம மூலமாப் போனாத்தானுங்க சரியா இருக்கும், நீங்களா அனுப்பிச்சுக் கெடுத்துக்காதீங்க" என்றார். வாட்ஸ்அப் குழுவில் அசல் முதல் தாளின் படத்தைப் போட்டிருந்தாள். அந்தக் குழுவை நடத்துகிறவர் அவர்தான், அவளைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்.

நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, ஒரு சிறிய மண்டபத்தில் ஜோதிமணியின் கருத்தரங்கு. 'மேற்குப் பகுதி முற்றிலும் பாதுகாப்பு' என்று பேனர். நாற்பது பெற்றோர்கள், பிள்ளைகள், ஆளுக்கொரு பையில் லட்டும் ஸ்பைரல் நோட்டும். மஹ்ஜபீன் அத்தாவோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்தாள்.

"சார், என் சர்டிபிகேட்ட இன்னைக்கித் தரேன்னீங்க."

அவர் அப்படிச் சொல்லவில்லை. மைக்கில் அதைச் சொல்லவும் முடியவில்லை. "ஆபீசுல வந்து வாங்கிக்குங்க அம்மிணி."

"ஆபீசுக்கு ரெண்டு தடவை வந்துட்டேன் சார். ஒரிஜினல் எல்லாம் உங்க பீரோவுலதான இருக்கு, அதான் இங்கனயே கேக்குறேன்."

முன்வரிசையில் ஆயக்குடியிலிருந்து வந்த ஒரு கொய்யாத்தோப்புக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஒரிஜினலையா வச்சுக்குவாங்க? ஏனுங்க, எங்களுதையுங் கேட்டீங்களே, எதுக்குங்க?"

"நடைமுறைங்க. பத்திரத்துக்காக."

"இந்தப் புள்ளைக்குக் குடுத்துட்டீங்கன்னா எங்களுக்கும் ஒரு தைரியமா இருக்கும்ங்க."

"ஆமாங்க, குடுத்துருங்க" என்றது இன்னொரு குரல். ஒரு பெண் தன் மகனுடைய கோப்பைப் பையிலிருந்து எடுத்து மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

இதற்குள் அப்துல் சுக்கூர் வாசலில் நின்று, வெளியே போகிறவர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அறிவுச்செல்வியின் முதல் பக்கம், நூறு பிரதி. வாங்கியவர்கள் தங்கள் நோட்டைத் திறந்து முதல் பக்கத்தைத் தேடினார்கள்.

ஜோதிமணி மைக்கைக் கீழே வைத்துவிட்டு மஹ்ஜபீன் அருகில் வந்தார். குரல் அதே மென்மையில் இருந்தது. "நான் உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணினேன்? அங்கே அனுப்பிச்சு வச்சது நானுங்க. திரும்பி வந்தீங்களே, உசிரோட."

"உங்க போனு அமந்து கெடந்த பதினோரு நாள்ல வந்தேன் சார்" என்றாள் மஹ்ஜபீன். "சர்டிபிகேட்."

மாலை நான்கு மணிக்கு ஆபீசில், கொய்யாத்தோப்புக்காரரும் இன்னும் மூன்று பேரும் வாசலில் நிற்க, பீரோ திறந்தது. சாவி அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது.

இரண்டாம் தேர்வு நவம்பர் 24, திங்கள், மதியம் மூன்றரை. ஹாலினாவின் அறையில் மின்சாரம் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் கைபேசியைப் பிடித்திருந்தார். "நான் மரியா. அறுபது வயது. கேளுங்கள், டாக்டர்."

நான்காவது கேள்வியில் அங்கே விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊதத் தொடங்கியது. மஹ்ஜபீனுக்கு அந்த ஒலி தெரியும். மூன்றரை வருடம் கழித்தும் அவளுடைய விரல்கள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. ஹாலினா எழுந்தார், படி இறங்கினார். திரையில் சுவர்களும் காலடிகளும் ஆடின. நிலவறையில் அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, "நிறுத்தாதீர்கள். மரியாவுக்கு இன்னும் வலிக்கிறது" என்றார்.

மஹ்ஜபீன் கேட்டாள். எப்போதிலிருந்து? எந்தக் கால்? நடக்கும்போதா, படுக்கும்போதா? எந்த மாதிரி வலி? இந்த முறை வலி ஆணாக இருந்தது. மூக்கு, கண், குழந்தை எல்லாம் உக்ரைன் மொழியில் இருந்தன. ஆனால் கால் என்ற பெண் சொல்லை இரண்டு இடத்தில் ஆணாக்கினாள். ஒரு வினையின் வால் தவறியது. 'ஸ்தில்' என்ற மேசையின் பின்னால் ஓர் உகரம் எட்டிப் பார்த்தது. ஹாலினா எதையும் திருத்தவில்லை. முடிந்ததும் ஆங்கிலத்தில் சொன்னார்:

"என் காலை ஆண் என்று இரண்டு தடவை சொன்னீர்கள். கால் புகார் கொடுக்காது."

"ஸாரி மேடம்."

"வார்டில் உங்களைத் திருத்த இருபத்தாறு பேர் இருக்கிறார்கள். படுத்துக் கிடப்பவர்களுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை."

நான்கு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. நூற்றுக்கு அறுபத்து நான்கு. தேர்ச்சிக்கு அறுபது. அப்துல் சுக்கூர் கடிதத்தை அச்செடுத்து, தோலைத் தடவுவது போல அந்தத் தாளை ஒரு முறை தடவிப் பார்த்தார். சைதூன் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கம்பளிச் சட்டை எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று சர்புன்னிசாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மண்டபத்துக்கு வந்த குடும்பங்களில் பதினொன்று ஏற்கெனவே ஜோதிமணியிடம் பதிவு செய்தவை. நான்கு விலகின. ஏழு அவரிடமே இருக்கின்றன. டிசம்பரில் மஹ்ஜபீன் அவருடைய ஆபீசுக்குப் போனபோது மேசையில் நோட்டுகள் அதே உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அட்டை மட்டும் மாறியிருந்தது: 'கிழக்கு ஐரோப்பிய மொழிகள், பொது.' அவள் ஒன்றை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். அறிவுச்செல்வியின் தாள் இதிலும் இல்லை. திருப்பி வைக்காமல், கையில் எடுத்துக்கொண்டே படியிறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. அந்த நோட்டோடு அசல் முதல் தாளின் பிரதியையும் வைத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனுக் கொடுத்திருக்கிறாள். பெற்றுக்கொண்டதாக முத்திரை போட்டுக் கொடுத்தார்கள்.

2026 ஜனவரி 28ஆம் தேதி அவள் சென்னையிலிருந்து வார்சா போகிறாள். அங்கிருந்து பஸ். பிப்ரவரி 2, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும்.